பாதையோரத்து ஆஷ் மரம்

"நான் மரத்தைப் பார்க்க வரவில்லை, பாதையைப் பார்க்க வந்திருக்கிறேன்" என்று, நோயுற்ற ஓர் ஆஷ் மரத்தை வெட்டாமல் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்ட ஒரு பெரியவரிடம் நான் சொன்ன பதில் சட்டப்படியும் தொழில்முறைப்படியும் சரியானது. மரங்களால் வரும் ஆபத்தை மதிப்பிடும் வேலையில் இருக்கும் எவரும் அதையே வேறு சொற்களில் சொல்லியிருப்பார். ஒரு மரம் எவ்வளவு நோயுற்றிருந்தாலும், அது சாயக்கூடிய இடத்தில் ஆள் நடமாட்டமோ கட்டடமோ சாலையோ இல்லையென்றால் அதை அப்படியே விட்டுவிடச் சொல்வோம். அது நின்றபடியே மட்கினால் வண்டுகளுக்கும் மரங்கொத்திக்கும் நல்லது. அதே மரத்தின் அடியில் ஒற்றையடிப் பாதை ஒன்று போனால் கணக்கு முழுவதும் மாறிவிடும். ஆகவே எங்கள் கண் முதலில் போவது பாதைக்குத்தான். இவ்வளவு தெளிவான ஒரு நியாயத்தைக் கையில் வைத்திருந்தும், அந்தப் பதிலை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருப்பது ஏன் என்று எனக்கே விளங்கவில்லை.

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக்கின் களிமண் நிலத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே எஞ்சியிருக்கும் சிறு காடுகளில் அது ஒன்று. சுற்றிலும் பழைய மண்கரையும் பள்ளமும். உள்ளே அடியோடு வெட்டி மறுதாம்பு விட்டு வளர்த்த ஹேசல் புதர்கள். அவற்றுக்கு மேலே ஓக்கும் ஆஷும் ஃபீல்டு மேப்பிளும். 1600-ஆம் ஆண்டுக்கு முன்பிருந்தே இடையறாது காடாக இருந்துவரும் நிலத்தை இங்கே தொன்மைக் காடு என்று தனியே வகைப்படுத்துகிறார்கள். இதுவும் அந்த வகையைச் சேர்ந்தது. ஊர் மன்றத்துக்குச் சொந்தமானது. அதன் குறுக்கே போகும் பொதுப்பாதை வழியாகத்தான் ஊர்ப் பிள்ளைகள் பள்ளிப் பேருந்தைப் பிடிக்க நடந்து போகிறார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அன்று நான் எடுத்த முடிவு பெரும்பாலும் அந்தப் பிள்ளைகளை நினைத்தே எடுத்தது.

ஆஷ் மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் பூஞ்சை நோய் பிரிட்டனுக்குள் வந்துவிட்டது 2012-இல் உறுதியானது. கிழக்காசியாவில் அங்குள்ள ஆஷ் இனங்களுக்குப் பெரிய கேடு செய்யாமல் வாழ்ந்துவந்த பூஞ்சை அது. ஐரோப்பாவில், போலந்தில், 1990-களின் தொடக்கத்திலேயே மரங்கள் காயத் தொடங்கியிருந்தன. நாங்கள் போனது ஜூலை மாதம். இலை முழுதாக விரிந்திருக்கும்போதுதான் ஆஷின் நிலையை மதிப்பிட முடியும். பூஞ்சை தன் வித்துகளைப் பரப்புவதும் அதே பருவத்தில்தான். புளூபெல் என்னும் காட்டுப் பூச்செடியின் காய்ந்த விதைத்தண்டுகளுக்கு நடுவே குனிந்து, போன ஆண்டு உதிர்ந்த ஆஷ் இலைக்காம்பு ஒன்றை எடுத்தால், கறுத்துப்போன அந்தக் காம்பின்மேல் சில மில்லிமீட்டர் அளவில் வெள்ளைக் கிண்ணங்கள் முளைத்திருக்கும். அவற்றிலிருந்து கிளம்பும் வித்துகள் காற்றில் ஏறி, இலைக்குள் புகுந்து, காம்பு வழியாகக் கிளைக்கு இறங்குகின்றன. பெரியவர் அப்படி ஒரு காம்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பல ஆண்டுகளாக அந்தக் காட்டில் தன்னார்வலராக ஹேசல் வெட்டிவருபவர். நான் காட்ட நினைத்தவற்றையெல்லாம் அவரே எனக்குக் காட்டினார்.

இலைப்பரப்பில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்து ஆஷ் மரங்களை நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறோம். முக்கால் பங்குக்கு மேல் இருந்தால் முதல் வகுப்பு. கால் பங்குக்குள் சுருங்கிவிட்டால் நான்காம் வகுப்பு. பாதையோரம் நின்ற மற்ற மரங்களைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடே எழவில்லை. வெட்ட வேண்டியவை அவை என்பதை அவரும் ஒப்புக்கொண்டார். பேச்சு வந்து நின்றது பாதையிலிருந்து சில அடி தள்ளி நின்ற ஒரு பெண் மரத்தில். உச்சிக் கிளைகள் காய்ந்து நின்றன. கீழ்ப்பாதியோ பச்சையாக இருந்தது, கொத்துக் கொத்தாக இறக்கை விதைகள் தொங்கின. மிஞ்சிய இலைப்பரப்பு பாதியா, பாதிக்குச் சற்றுக் குறைவா என்பது நிற்கும் இடத்தைப் பொறுத்து மாறியது. பாதையிலிருந்து பார்த்தால் மூன்றாம் வகுப்பு. காட்டுப் பக்கமிருந்து பார்த்தால் இரண்டாம் வகுப்பு. அடிமரத்தில் ஒரு பக்கம் கரும்பழுப்பாக நீண்ட வடு இருந்தது. சுத்தியலால் தட்டிப் பார்த்தேன். ஓசை மங்கியிருந்தது, உளுத்துப்போன மரத்தின் ஓசை என்றும் அதைச் சொல்ல முடியவில்லை.

"இதை இன்னும் ஒரு கோடைக்கு விட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டார். நான் வடுவைக் காட்டினேன். அவர் அதைக் கூர்ந்து பார்த்துவிட்டு, மரத்தடியில் முளைத்திருந்த கன்றுகளைக் காட்டினார். முழங்கால் உயரம்கூட இல்லாத அவற்றில் சில மான் கடித்தவை. ஆனாலும் இலைகளில் நோயின் அடையாளம் இல்லை. "இவை இதன் பிள்ளைகளாகத்தான் இருக்க வேண்டும். ஒருவேளை இது நோயைத் தாங்கி நிற்கப்போகிற மரமாக இருந்தால்?" என்றார். அப்போதுதான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. எல்ம் மரங்கள் போன காலத்தைப் பற்றிச் சொன்னார். 1970-களில் எல்ம் நோய் இந்நாட்டில் கோடிக்கணக்கான மரங்களைக் கொண்டுபோனபோது அவர் இளைஞர். "எங்கள் ஊரில் காய்ந்ததையும் வெட்டினோம், காயத் தொடங்கியதையும் வெட்டினோம். எது பிழைத்திருக்கும் என்று பார்க்க ஒன்றையும் விட்டுவைக்கவில்லை" என்றார். அதற்கு நான் என்ன சொன்னேன் என்பது நினைவில் இல்லை. அநேகமாக ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் கேட்டது மரத்தைப் பற்றிய கேள்வி. நான் சொன்னது என் வேலையைப் பற்றிய பதில். மரத்தைப் பற்றியே பதில் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். இந்நோயை நன்றாகத் தாங்கும் ஆஷ் மரங்கள் நூற்றுக்குச் சில மட்டுமே என்பது பொதுவான மதிப்பீடு. இரண்டாம் வகுப்புக்கும் மூன்றாம் வகுப்புக்கும் இடையே நிற்கும் ஒரு மரம் அந்தச் சிலவற்றில் ஒன்றா, மெல்லச் சாகும் மற்றவற்றில் ஒன்றா என்பதை ஒரு ஜூலையில் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. அடுத்தடுத்த கோடைகளில் பார்த்தால்தான் தெரியும். அதாவது, நேர்மையாகப் பதில் சொல்லத் தொடங்கியிருந்தால், அது அவருடைய கோரிக்கையிலேயே போய் முடிந்திருக்கும். அந்த இடத்துக்குப் போய்ச் சேராமல் இருக்கத்தான் நான் பாதையைப் பற்றிப் பேசினேனா என்ற சந்தேகம் எனக்கு இருக்கிறது.

ஆனால் அந்தச் சந்தேகத்துக்கும் அளவு மீறி இடம்கொடுக்க நான் விரும்பவில்லை. மாற்று வழிகளை நாங்கள் பேசாமல் இல்லை. பாதையைக் காட்டுக்குள்ளேயே சற்றுத் திருப்பிவிடலாம் என்றார். பொதுப்பாதையை நிரந்தரமாக நகர்த்த நெடுஞ்சாலைச் சட்டப்படி ஆணை பெற வேண்டும், அதற்கு மாதங்கள் ஆகும். ஹேசலைப் போல அடியில் வெட்டித் தழைக்க விடலாமா என்றார். ஆஷ் நன்றாகத் தழைக்கக்கூடிய மரம்தான், இதே சஃபோக்கின் பிராட்ஃபீல்டு காட்டில் ஆயிரம் ஆண்டுகள் கண்டதாகக் கருதப்படும் ஆஷ் தூர் இருக்கிறது. ஆனால் இந்நோய் வந்தபின் இளந்தளிர்கள்தான் முதலில் சாகின்றன. தப்பியதை மான் மேயும். உயரத்தைக் குறைத்து அடிமரத்தை மட்டும் நிறுத்தினால் காய்க்கும் கிளைகள் எல்லாம் போய்விடும், வடு இருக்கும் பகுதியோ அப்படியே நிற்கும். ஒவ்வொரு யோசனைக்கும் நான் காரணத்தோடுதான் மறுப்புச் சொன்னேன்.

எல்லாவற்றையும்விட வலுவான காரணம் ஒன்று இருந்தது. நோயுற்ற ஆஷின் கட்டை விரைவில் வலுவிழந்து எளிதாக முறியும். மரம் வெட்டுபவர்கள் இப்போது அதில் கயிறு கட்டி ஏறுவதற்குத் தயங்குகிறார்கள்; தூக்குமேடையோ பிடிகரம் உள்ள எந்திரமோ கேட்கிறார்கள். ரம்பம் பாய்கிற அதிர்விலேயே மேலிருந்து காய்ந்த கிளை ஒடிந்து விழலாம். ஆகவே ஒரு கோடை காத்திருப்பது என்பது அந்த ஆபத்தை, பாதையில் நடப்பவரிடமிருந்து, பின்னால் வந்து வெட்டப்போகும் தொழிலாளியின் தலைக்கு மாற்றுவது. இந்நாட்டில் மரம் விழுந்து இறக்கும் பொதுமக்கள் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்தாறு பேர்தான். மரம் வெட்டுவது இங்கே மிக ஆபத்தான வேலைகளில் ஒன்று. காத்திருக்க மறுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது. இன்று யாராவது கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன்.

அன்று இதைச் சொல்லவில்லை. அலுவலகத்துக்குத் திரும்பி அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் காரணம் சொற்களாக வந்தது. தொழிலில் இருப்பவனுக்கு இது தெரியாத செய்தி அல்ல. காட்டில் நின்றபோதும் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும், அதுவே என்னை நடத்தியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் தெரிகிறது. முடிவு முதலில் வந்து, அதற்கேற்ற காரணம் பிறகு வந்து சேர்ந்தாலும், காரணம் உண்மையாக இருந்தால் முடிவு கெட்டுவிடுமா? கெட்டுவிடாது என்று சில நாள் தோன்றுகிறது. அந்தக் காரணத்தைக் கேட்டுவிட்டு மறுத்துப் பேசும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லையே என்று வேறு சில நாள் தோன்றுகிறது. அவர் வாழ்நாளெல்லாம் ரம்பம் பிடித்தவர். அவருக்குப் புரிந்திருக்கும், ஒருவேளை அவரே ஒப்புக்கொண்டிருப்பார்.

வெட்ட வேண்டியது என்பதற்கு அடையாளமாக மரத்தின்மேல் செம்மஞ்சள் புள்ளி வைத்தேன். நான் பெயின்ட் அடிக்கும்போது, வழியில் நீட்டிக்கொண்டிருந்த ஹேசல் கிளையை அவர் விலக்கிப் பிடித்துக்கொண்டார். அறிக்கையில் கன்றுகளைச் சுற்றி மான் நுழையாதபடி வலை கட்ட வேண்டும் என்று பரிந்துரைத்தேன். ஊர் மன்றம் அதைச் செய்தது. பறவைகள் கூடு கட்டும் காலம் முடிந்து, பொந்துகளில் வௌவால் இல்லை என்று பார்த்தபின், களிமண் இறுகிக் கிடந்த செப்டம்பரில் எந்திரம் வந்து வெட்டியது. மேற்பார்வையாளர் அடிக்கட்டையின் படத்தை அனுப்பினார். வடு இருந்த பக்கம் ஒரு கை அகலத்துக்குப் பழுப்பேறி மென்மையாகியிருந்தது. மற்ற பகுதி முழுவதும் வெள்ளையாக, உறுதியாக இருந்தது. அந்தப் படத்தை வைத்து என் பக்கமும் வாதாடலாம், அவர் பக்கமும் வாதாடலாம்.

2025-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. கியூ தாவரவியல் பூங்காவையும் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள், சர்ரேயில் உள்ள மார்டன் பார்க் காட்டில் முதிர்ந்த ஆஷ் மரங்களின் மரபணுக்களையும் இளமரங்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டு, இளம் தலைமுறையில் நோயைத் தாங்கும் திறன் கூடியிருப்பதைக் காட்டினார்கள். ஒரு மரபணுவால் வரும் திறன் அல்ல அது. ஆயிரக்கணக்கான சிறு வேறுபாடுகள் கூடிவருவது. அதைப் படித்தபோது எனக்கு இரண்டு எண்ணங்கள் ஒன்றாக வந்தன. பெரியவர் சொன்னது சரிதான் என்பது ஒன்று: அரைகுறையாகத் தாங்கும் மரம்கூட விதை விடும்வரை நிற்பது பயனுள்ளது. கன்றுகள் ஏற்கனவே முளைத்துவிட்டன, வலைக்குள் பத்திரமாக இருக்கின்றன, ஆகவே அந்த மரம் கொடுக்க வேண்டியதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டது என்பது மற்றது. இரண்டாவது எண்ணம் எவ்வளவு விரைவாக வந்தது என்பதையும் கவனித்தேன்.

எங்கள் படிவத்தில் மரத்தின் சுற்றளவுக்கு இடம் உண்டு, இலைப்பரப்புக்கு உண்டு, அடியில் நடப்பவர்களுக்கு உண்டு. விதைக்கு இல்லை. இந்தக் கோடையிலிருந்து, எல்லைக்கோட்டில் நிற்கும் ஆஷ் மரங்களுக்குக் குறிப்புப் பகுதியில் "காய்க்கும் மரம், அடியில் கன்றுகள் உள்ளன, மறு ஆண்டு பார்க்கலாமா என்று உரிமையாளரிடம் கேட்கவும்" என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். பாதை ஓரத்தில் இருந்தால் புள்ளியும் வைக்கிறேன். இரண்டையும் ஒரே மரத்துக்குச் செய்வது பொருந்தாது என்று சக ஊழியர் ஒருவர் சொன்னார். அது உண்மையாக இருக்கலாம். இருந்தாலும் எழுதுகிறேன்.