பார்ட் சி-யைத் தாண்ட எனக்கு உதவியது: நுரையீரல் தழும்பு

ரிசல்ட் வந்து, ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது உறுதியான பிறகுதான் ஒழுங்காகத் தூங்கினேன். லைஃப் சயின்ஸ் நெட் தேர்வு எழுதப்போகிற நம்மூர்ப் பிள்ளைகள் விடாமல் கேட்பதால் இதை எழுதுகிறேன். பொதுத்திறன் பகுதியான பார்ட் ஏ பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. கணக்கு வருகிறவர்களுக்கு வரும்.

யோசித்து விடை சொல்ல வேண்டிய பார்ட் சி-க்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: என்சைமின் வினையை மட்டும் படிக்காதீர்கள், அது குடியிருக்கும் இடத்தையும் படியுங்கள். காசு கொடுத்து வாங்கிய கோச்சிங் நோட்ஸில் ஆக்சிடன்ட்டுகளைத் தணிக்கும் எஸ்ஓடி, கேட்டலேஸ் என்சைம்களையும் குளுட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்து 'ஆன்டிஆக்சிடன்ட்' என்று தலைப்புப் போட்டிருந்தார்கள். அந்தக் காசை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

நான் எடுத்துக்கொண்டது நுரையீரல் தழும்பு, அதாவது ஃபைப்ரோசிஸ். எங்கள் வீடு முக்கூடல் பக்கம். அம்மா மடியில் சொளவை வைத்துப் பீடி சுற்றுவாள். தூளை அள்ளும்போதெல்லாம் ஒரு தும்மல். பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறவளுக்கு நுரையீரல் ஞாபகம் வராமல் என்ன செய்யும்? அது மட்டுமில்லை, சிக்னலிங், ரெடாக்ஸ், மேட்ரிக்ஸ், மருந்துச் சோதனை எல்லாம் இந்த ஒரு தலைப்பில் வந்துவிடுகின்றன.

ஏ4 தாளில் ஒரு காற்றுப்பையைப் பெரிதாக வரைந்து இவற்றைக் குறியுங்கள்:

- உட்பரப்பை நனைக்கும் மெல்லிய திரவம்: இங்கே குளுட்டாதயோன் ரத்த பிளாஸ்மாவில் இருப்பதைப்போல 100 மடங்குக்கும் மேல். காரணம் தெரியாமல் நுரையீரலில் தழும்பு விழும் ஐபிஎஃப் நோயாளிகளிடம் இது குறைந்திருக்கும்.
- செல்லுக்கு வெளியே மேட்ரிக்ஸ்: எஸ்ஓடி-யின் ஒரு வகையான எஸ்ஓடி3 இங்கே ஒட்டிக்கொண்டு, கொலாஜனும் ஹையலுரோனனும் சிதையாமல் பார்த்துக்கொள்ளும். சிதைந்த துண்டுகள் அழற்சியைக் கூட்டும்.
- மைட்டோகாண்ட்ரியா: மாங்கனீசு எஸ்ஓடி.
- மயோஃபைப்ரோபிளாஸ்ட் (தழும்புக் கொலாஜனைச் சுரக்கும் செல்): தழும்பைத் தூண்டும் சிக்னல் புரதமான டிஜிஎஃப்-பீட்டா வந்தால் நாக்ஸ்4 என்சைம் கூடி ஹைட்ரஜன் பெராக்சைடு பெருகும். அதே டிஜிஎஃப்-பீட்டா குளுட்டாதயோன் தயாரிப்பையும் குறைக்கும். ஆக்சிடன்ட்டுகள் உறங்கும் டிஜிஎஃப்-பீட்டாவை எழுப்பவும் செய்யும். இந்தச் சுழலுக்குச் சிவப்பு மை.

அப்புறம் என்ஆர்எஃப்2, ஆன்டிஆக்சிடன்ட் ஜீன்களை முடுக்கும் புரதம். இதில்தான் நேரத்தைச் செலவிட வேண்டும். கீப்1 என்ற புரதம் அதைப் பிடித்து கல்3 என்ற இன்னொரு புரதத்திடம் கொடுக்க, அழிவு முத்திரையான யுபிக்விட்டின் ஒட்டப்பட்டு, புரதங்களை அரைக்கும் புரோட்டியாசோமில் அழியும். ஆயுள் சுமார் 20 நிமிடம். தினமும் மாவரைத்துத் தினமும் கொட்டுகிற வீடு மாதிரிதான். ஆனால் விருந்தாளி திடீரென்று வந்தால் உடனே தோசை வார்க்கலாம். ஆக்சிடன்ட் வந்து கீப்1-இன் சிஸ்டீன்களை மாற்றியதும் அழிப்பு நின்றுபோகும். புதிதாக உருவாகும் என்ஆர்எஃப்2 நியூக்ளியஸுக்குப் போய், ஹீம் ஆக்சிஜனேஸ்-1, என்கியூஓ1, குளுட்டாதயோன் தயாரிக்கும் ஜிசிஎல் ஆகியவற்றின் ஜீன்களை முடுக்கும்.

இப்போது நீங்களே ஒரு கேள்வி போட்டுப் பாருங்கள். ஆக்சிடன்ட் எதுவும் இல்லாமல், புரோட்டியாசோமைத் தடுக்கும் எம்ஜி132 மட்டும் கொடுத்தால், புரத அளவைக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில் என்ஆர்எஃப்2 பட்டை தடிக்குமா? தடிக்கும். அதற்கு எம்ஆர்என்ஏ கூடியிருக்க வேண்டுமா? வேண்டியதில்லை. பார்ட் சி-யில் ஆளைக் கவிழ்ப்பது இந்த மாதிரி இடம்தான்.

கட்டாயம் பார்க்க வேண்டியவை:

- ப்ளியோமைசின்: புற்றுநோய் மருந்து. இரும்பையும் ஆக்சிஜனையும் சேர்த்துக்கொண்டு டிஎன்ஏவை வெட்டும். அதைச் செயலிழக்கச் செய்யும் ஹைட்ரோலேஸ் நுரையீரலிலும் தோலிலும் குறைவு. என்ஆர்எஃப்2 நீக்கிய எலிகளுக்கு இதைக் கொடுத்தால் தழும்பு அதிகம்.
- பாராகுவாட்: அந்தக் களைக்கொல்லியேதான். பாலிஅமீன் நுழையும் வழியாக காற்றுப்பைச் சுவரின் டைப் 2 செல்லுக்குள் ஏறிவிடும். குளுட்டாதயோனைப் புதுப்பிக்கத் தேவையான என்ஏடிபிஎச்-ஐத் தீர்த்துக்கொண்டே சூப்பராக்சைடு உண்டாக்கும். அவசியமில்லாமல் ஆக்சிஜன் கொடுத்தால் சேதம் கூடும்.

'அப்படியென்றால் ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும்' என்று ஆப்ஷன் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்காதீர்கள். குளுட்டாதயோனுக்கு மூலப்பொருள் தரும் என்-அசிட்டைல்சிஸ்டீனை ஐபிஎஃப் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த பாந்தர் சோதனையின் முடிவு 2014-இல் வந்தது: மூச்சுக் கொள்ளளவு சரிவதைத் தடுப்பதில், மருந்தில்லாத வெற்று மாத்திரையான பிளாசிபோவைவிடப் பலன் இல்லை. அதற்கு முன் 2012-இல், அதோடு பிரெட்னிசோனும் அசாத்தியோபிரினும் சேர்த்துக் கொடுத்த பிரிவில் இறப்பே அதிகமாக இருந்தது. எலியில் ஜீனை நீக்கிப் பார்ப்பது வேறு, தழும்பு விழுந்து முடிந்த மனிதருக்கு மாத்திரை கொடுப்பது வேறு.

குழுவாகப் படிப்பது எனக்கு ஒத்துவராது. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் ஃபேனுக்குக் கீழே ஒரு இடம் கிடைத்தால் போதும். பேசிப் பேசித்தான் மண்டையில் ஏறும் என்கிற ஆட்கள் சேக்காளியோடு உட்காருங்கள்.

என் படங்களை அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள். வரைந்தால்தான் ஏறும்.