திரிபுராவிலேயே போய்ப் பார்த்த திரிபுரசுந்தரி

வேண்டுதல் அத்தையுடையது. மாமாவுக்கு இதய ஆபரேஷன் நடந்தபோது ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்து அபிராமி அந்தாதியை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் இரண்டாம் பாட்டிலேயே திரிபுரசுந்தரி வந்துவிடுகிறாள். "இவர் நல்லபடியா வீடு திரும்பினா, உன் பேர் வெச்ச ஊருக்கே வந்து உன்னைப் பாக்கறேன்டி அம்மா" என்று மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டார். எங்களுக்குத் திருவான்மியூர்தான், வெள்ளிக்கிழமை தவறாமல் நாங்கள் கும்பிடுபவளும் திரிபுரசுந்தரிதான். ஆனாலும் அன்றைக்கு அத்தை வாயில் வந்தது திரிபுரா!

சொந்தக்காரர்களில் பாதிப்பேர் "அங்கே என்ன இருக்கு?" என்றார்கள். டிக்கெட் போட்டுக் கொடுத்தவர், கோயில் இருக்கிற ஊர்ப் பேரைக் கேட்டுவிட்டு, "உதய்ப்பூர்னா ராஜஸ்தான்தானே மேடம்?" என்று இரண்டு தடவை கேட்டார். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. பரப்பில் கோவா, சிக்கிமுக்கு அடுத்த சின்ன மாநிலம், மூன்று பக்கமும் பங்களாதேஷ். நாடு பிரிந்தபோது கொல்கத்தாவிலிருந்து நேராகப் போன வழி அடைபட்டு, தரை மார்க்கமாகக் குவாஹாட்டி சுற்றி 1,600 கிலோமீட்டருக்குமேல் என்றாகிவிட்டது. தலைநகர் அகர்தலாவுக்கு அகல ரயில்பாதை வந்ததே 2016-ல்தான். வடகிழக்கு யாத்திரை என்றால் நாம் காமாக்யாவோடு திரும்பிவிடுகிறோம். சதி தேவியின் வலது பாதம் விழுந்த சக்தி பீடம், ஆமை முதுகு போன்ற குன்றின்மேல் 1501-லிருந்து நிற்கிற கோயில், நம் பட்டியலிலேயே இல்லை.

கொல்கத்தாவில் விமானம் தாமதம். மாமாவின் மாத்திரை நேரமெல்லாம் குழம்பி, அகர்தலா போய்ச் சேரும்போது நடு ராத்திரி. மறுநாள் காலை கொட்டுகிற மழையில் காரில் ஐம்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே கோயிலை மாதாபாரி என்றுதான் சொல்கிறார்கள், டிரைவருக்கு வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

இறங்கியதுமே பேடாக் கடைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். செருப்பை இங்கே விடு, தட்டை இங்கே வாங்கு என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பு. அந்தப் பேடாவுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. இவ்வளவு கூவி விற்கவே வேண்டாம். ஒருத்தர் கூடவே நடந்து வந்து, வரிசையில்லாமல் கூட்டிப்போகிறேன், தலைக்கு ஐந்நூறு என்று இந்தியில் பேரம் பேசினார். அத்தை தமிழிலேயே, "நிக்கறதுக்குத்தாம்ப்பா வந்திருக்கோம்" என்றார். அதற்கப்புறம் அந்த ஆளைக் காணோம்.

வரிசையில் முழங்கை இடிகளுக்கு நடுவே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நம் கோபுரம் மாதிரி எதுவும் கிடையாது. வங்காளத்துக் குடிசைக் கூரைபோல நாலு பக்கமும் சரிவு, அதன் உச்சியில் ஸ்தூபி. தன்ய மாணிக்யர் என்ற ராஜா பெருமாளுக்கென்று எடுத்த கோயிலாம் இது. கனவில் அம்பாள் வந்து, சிட்டகாங்கில் இருக்கிற என்னைக் கொண்டுவந்து வை என்று சொல்லியிருக்கிறாள். அவரும் பெருமாளை விட்டுவிடவில்லை, சாளக்ராமமாக உடன் இருக்கிறார். இங்கே ஆட்டுப் பலி உண்டு. 2019-ல் உயர்நீதிமன்றம் தடுத்து, விவகாரம் உச்சநீதிமன்றம் வரை போனது. பலிபீடத்தைப் பார்த்து நான் கொஞ்சம் தயங்கினேன். அத்தையோ, "ஏன், நம்ம குலதெய்வத்துக்கு கெடா வெட்டலையா?" என்று நடந்துகொண்டே இருந்தார்.

சந்நிதி வாசலுக்கு எப்படி வந்தோம் என்று சொல்லத் தெரியவில்லை, கூட்டம் தூக்கிக்கொண்டு வந்து நிறுத்தியது. உள்ளே செம்மையோடிய கருங்கல்லில் ஐந்தடி உயரத்துக்கு அம்பாள், கழுத்து கொள்ளாத செம்பருத்தி. பக்கத்திலேயே இரண்டடியில் இன்னொரு அம்மா. சோட்டோ மா என்கிறார்கள். ராஜாக்கள் வேட்டைக்கும் போருக்கும் கூடவே எடுத்துப்போன தாயாம். எனக்கு இவள்மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. ஐ.சி.யூ. வாசலுக்கு எங்களோடு வந்து உட்கார்ந்தவள் இவள்தான் என்று அப்போது தோன்றியது, இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அத்தை அந்த இரண்டாம் பாட்டை எடுத்தார். மூன்று வரி சரியாக வந்தது. பேர் வருகிற நாலாவது வரியில் குரல் அடைத்துவிட்டது. அர்ச்சகர் நகருங்கள் என்று கையைக் காட்டுகிறார், பின்னாலிருந்து தள்ளுகிறார்கள். மிச்ச வரியை மாமா சொன்னார். சாமி விஷயத்தில் வாயே திறக்காத மனுஷர்! அத்தை பிரசாதக் குங்குமத்தை அவர் நெற்றியில் இட்டுவிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சுத் தழும்பின் மேலும் ஒரு பொட்டு வைத்தார். அதுவரை தள்ளிக்கொண்டிருந்த வங்காளிப் பெண்கள் அதைப் பார்த்துக் குலவையிட்டார்கள். நம்மூர்க் குலவையேதான்.

பின்புறம் கல்யாண் சாகர் குளத்தில் பெரிய பெரிய ஆமைகள். காட்டில் அற்றே போயின என்று 2002-ல் அறிவிக்கப்பட்ட இனம், அம்பாள் குளத்தில் பிழைத்துக் கிடக்கிறது. நடுவில் கரைக்கு சிமென்ட் பூசி, முட்டையிட மணலில்லாமல் செய்த புண்ணியவான்களும் உண்டு. பொரியைப் போட்டதும் படித்துறை வரைக்கும் மூக்கை நீட்டிக்கொண்டு வந்தன.

பாறையில் முப்பதடி சிவன் முகம் செதுக்கிய உனகோட்டி, அகர்தலாவிலிருந்து வடக்கே 180 கிலோமீட்டர் போல. மாமாவை அலைக்கழிக்க மனசில்லை, விட்டுவிட்டோம். வயதானவர்களோடு போகிறவர்கள் தீபாவளி மேளா சமயத்தைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டம் தாங்காது. ரூம், சாப்பாடு எல்லாம் விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடமாட்டேன் என்கிறது. தாயே, எங்கள் வீட்டு மனுஷரை முழுசாகத் திருப்பிக் கொடுத்தாய், உன் வாசல்வரை நடக்கவும் வைத்தாய். வேறு எதுவும் கேட்க வரவில்லை, நமஸ்காரம் சொல்லத்தான் வந்தோம்.