டிஃப்ராக் போடும் முன் மீடியா டைப்பைப் பாருங்கள்

டிஸ்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை ஒன்றுசேர்த்து அடுக்கும் வேலைதான் டிஃப்ராக். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஸ்டார்ட் மெனுவில் ‘டிஃப்ராக்’ என்று தட்டினால் ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ என்ற சின்ன ஜன்னல் திறக்கும். ஒவ்வொரு டிரைவுக்கும் எதிரே ‘மீடியா டைப்’ என்ற தலைப்பின் கீழ் என்ன போட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ‘ஹார்டு டிஸ்க் டிரைவ்’ என்றிருந்தால் இந்தப் பதிவு உங்களுக்கு. ‘சாலிட் ஸ்டேட் டிரைவ்’, அதாவது எஸ்எஸ்டி என்றிருந்தால் கடைசிக்கு முந்தைய பகுதிக்குத் தாவிவிடலாம். யுஎஸ்பி பெட்டிக்குள் போட்ட டிஸ்குகளில் மட்டும் இந்தத் தகவலை அப்படியே நம்ப வேண்டாம். உள்ளே இருப்பதை விண்டோஸ் தப்பாகப் படிப்பதுண்டு.

ஹார்டு டிஸ்கில் சிதறல் ஏன் வலிக்கிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லேப்டாப்பில் வரும் 2.5 அங்குல டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும். ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். வேண்டிய இடம் ஹெட்டுக்கு (படித்து எழுதும் முனைக்கு) அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது ஐந்தரை மில்லிசெகண்ட் ஆகும். ஹெட் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர இன்னும் 10, 12. ஆக ஒரு தாவலுக்கு 17 மில்லிசெகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 ஜிபி ஃபைல் ஒரே துண்டாக இருந்தால், செகண்டுக்கு 100 எம்பி வேகத்தில் 10 செகண்டில் படித்து முடியும். அதே ஃபைல் 2000 துண்டாகக் கிடந்தால் தாவல்களுக்கு மட்டும் 34 செகண்ட் கூடும். துண்டுகள் 16தான் என்றால் கூடுவது கால் செகண்ட், யாருக்கும் தெரியாது. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸின் டிஃப்ராக், 64 எம்பிக்கு மேற்பட்ட துண்டுகளைச் சிதறலாகவே எண்ணுவதில்லை. அதன் நியாயம் இதுதான். எல்லாத் துண்டும் ஒட்டி, கோடு போட்ட மாதிரி இருக்க வேண்டும் என்ற ஆசை விண்டோஸ் எக்ஸ்பி காலத்து டிஃப்ராக் திரையின் வண்ணப் பட்டைகளோடு வந்தது. பார்க்க அழகு, பலன் சொற்பம்.

சிதறலுக்கு மூல காரணம் இட நெருக்கடி. டிஸ்க் 90 சதவீதம் நிரம்பியபின் காலி இடம் என்பது அங்கங்கே கிடக்கும் பொடிப்பொடி ஓட்டைகள்தான். புதிதாக எழுதும் எந்தப் பெரிய ஃபைலும் அந்த ஓட்டைகளில் பிய்த்துப் பிய்த்துத்தான் உட்காரும். அடுத்த குற்றவாளி, மெல்ல மெல்ல வளரும் ஃபைல்கள்: அவுட்லுக்கின் மெயில் ஃபைல், விர்ச்சுவல் மெஷின் டிஸ்க், கேமரா பதிவு, டொரண்ட். டொரண்ட்டுக்காவது வழி இருக்கிறது. கியூபிட்டொரண்ட் என்ற டொரண்ட் மென்பொருளின் செட்டிங்ஸில் டிஸ்க் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கச் சொல்லும் டிக் ஒன்று உண்டு. அதைப் போட்டுவிட்டால் ஃபைலுக்கு வேண்டிய இடம் தொடக்கத்திலேயே பிடிக்கப்பட்டுவிடும்.

டிஃப்ராக்கை ஓட விடுவதற்கு முன் டிஸ்கின் உடல்நிலையைப் பார்க்காமல் இருக்கவே கூடாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் 05, சி5 என்ற இரண்டு வரிகளைப் பாருங்கள். முதலாவது, கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்கின் சின்னச் சின்ன சேமிப்புக் கட்டங்கள்). இரண்டாவது, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருப்பவை. சி5 வரியின் ‘ரா வேல்யூ’ பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் டிஃப்ராக்கை மறந்துவிட்டு பேக்கப் எடுங்கள். டிஃப்ராக் என்பது மணிக்கணக்கில் ஆயிரக்கணக்கான ஃபைல்களைப் படித்து வேறிடத்தில் எழுதும் வேலை. நோயாளியை மாடிப்படி ஏறி இறங்கச் சொல்வதற்குச் சமம். ‘டிஃப்ராக் போட்டேன், டிஸ்க் செத்துவிட்டது’ என்ற புகார்களில் பல, ஏற்கெனவே சாகக் கிடந்த டிஸ்க்தான்.

உடல்நிலை சரி என்றால் அடுத்தது இடம். 15 சதவீதமாவது காலியாக இருக்கட்டும். 1 டிபி டிஸ்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டும். அதில் சுமார் 140 ஜிபி. பெரிய அப்டேட்டுக்குப் பின் தங்கும் ‘விண்டோஸ்.ஓல்டு’ ஃபோல்டர், ரீசைக்கிள் பின், டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் மறந்துபோன இன்ஸ்டாலர்கள் — பெரும்பாலும் இவை போதும். குப்பையை டிஃப்ராக்குக்கு முன்பே அள்ள வேண்டும். ஒழுங்காக அடுக்கியபின் அழித்தால் மறுபடி ஓட்டை விழும்.

பிறகு கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து ‘டிஃப்ராக் சி: /ஏ /வி’ என்று (ஆங்கில எழுத்தில்தான்) அடியுங்கள். இது அறிக்கை மட்டும் தரும், எதையும் நகர்த்தாது. மொத்தச் சிதறல் 10 சதவீதத்தைத் தாண்டினால் ஓட்டலாம். 3, 4 என்றால் விட்டுவிடலாம். அந்த அறிக்கையில் பலரும் பார்க்காமல் விடும் வரி ஒன்று உண்டு: காலி இடத்திலேயே மிகப் பெரிய துண்டின் அளவு. மொத்தம் 100 ஜிபி காலி, ஆனால் பெரிய துண்டு 2 ஜிபிதான் என்றால், இன்று என்ன அடுக்கினாலும் நாளை வரும் பெரிய ஃபைல் சிதறத்தான் போகிறது. ‘/எக்ஸ்’ போட்டு ஓட்டினால் காலி இடங்களை ஒன்றுசேர்க்கும்.

ஓட்டுவதற்கு ‘ஆப்டிமைஸ்’ பட்டனே போதும். முன்னேற்றத்தைக் கமாண்டில் பார்க்க விரும்பினால் ‘டிஃப்ராக் சி: /யு /வி’. லேப்டாப் சார்ஜரில் இருக்கட்டும், மற்ற புரோகிராம்களை மூடிவிடுங்கள். சதவீதம் 100 வரை ஏறி, மறுபடி பூஜ்யத்திலிருந்து ‘பாஸ் 2’, ‘பாஸ் 3’ என்று தொடங்கும். மாட்டிக்கொண்டது என்று நினைத்து பவர் பட்டனை அமுக்க வேண்டாம், அது அப்படித்தான். நடுவில் நிறுத்த வேண்டுமானால் ‘ஸ்டாப்’ இருக்கிறது. கரண்ட் போனாலும் பெரும்பாலும் பயமில்லை. ஃபைலின் துண்டைப் புது இடத்தில் எழுதியபின்தான் என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் ஃபைல் சிஸ்டம்) விலாசத்தை மாற்றுகிறது, அதுவரை பழைய பிரதி அப்படியே இருக்கும். ஓட ஆரம்பிக்காமலேயே பிழை காட்டினால் அந்த டிரைவில் ஃபைல் சிஸ்டம் கோளாறு குறிக்கப்பட்டிருக்கலாம். ‘செக்டிஸ்க் சி: /எஃப்’ (ஆங்கிலத்தில் chkdsk C: /F) ஓட்டி ரீஸ்டார்ட் செய்துவிட்டு வாருங்கள்.

முடிந்தபிறகும் ஓரிரு சதவீதம் மிச்சம் நிற்கும். பேஜ்ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல் போன்ற, விண்டோஸ் தன் உபயோகத்துக்கு வைத்திருக்கும் ஃபைல்களை, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது நகர்த்த முடியாது. அதற்காகக் காசு கொடுத்து வேறு டிஃப்ராக் மென்பொருள் வாங்குவது வீண் என்பது என் கருத்து.

ஹார்டு டிஸ்குக்கு இந்த வேலையை விண்டோஸ் வாரம் ஒருமுறை தானாகவே செய்ய வேண்டும். செய்யாமல் போவது எப்படி என்றால், அது கணினி சும்மா இருக்கும் நேரத்தில், சார்ஜரில் இருந்தால் மட்டும் ஓடும். வேலை முடிந்ததும் ஷட்டவுன் செய்யப்படும் லேப்டாப்புக்கு அந்தச் சும்மா நேரம் வாய்ப்பதே இல்லை. ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ ஜன்னலில் கடைசியாக ஓடிய தேதி ஆறு மாதம் பின்தங்கியிருந்தால் காரணம் அநேகமாக இதுதான். மாதம் ஒருநாள் இரவு முழுக்க, ஸ்லீப் ஆகாமல், சார்ஜரில் விட்டுவையுங்கள்.

இப்போதைய 1 டிபி, 2 டிபி லேப்டாப் டிஸ்குகளில் நிறைய எஸ்எம்ஆர் ரகம். ஓடு வேய்ந்த மாதிரி தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கும். ஒன்றை மாற்றி எழுதினால் பக்கத்திலுள்ளவற்றையும் திரும்ப எழுத வேண்டும். இதில் டிஃப்ராக் முதல் கொஞ்ச நேரம் நன்றாக ஓடி, பிறகு ஆமையாகிவிடும். வெறும் படம், வீடியோ வைத்திருக்கும் டிரைவ் என்றால் எல்லாவற்றையும் வேறு டிஸ்குக்குக் காப்பி செய்து, சரிபார்த்து, ஃபார்மேட் போட்டு, திரும்பக் கொட்டுவது பல நேரம் சீக்கிரம் முடியும். வரிசையாக எழுதுவது இந்த டிஸ்குகளுக்குப் பிடித்த வேலை.

டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது என்றால் அதற்கு டிஃப்ராக் மருந்தல்ல. ஆன்டிவைரஸ், இண்டெக்ஸிங், அப்டேட் மூன்றும் ஒரே ஹெட்டுக்கு அடித்துக்கொள்வதால் வருவது அது. விண்டோஸை ஒரு எஸ்எஸ்டிக்கு மாற்றினால்தான் தீரும்.

எஸ்எஸ்டிக்கு வருவோம். அங்கே சுழலும் தட்டும் இல்லை, நகரும் ஹெட்டும் இல்லை. ஒரு தாவலுக்கு 0.1 மில்லிசெகண்ட் என்று வைத்தால் மேலே சொன்ன 2000 துண்டுக்குக் கூடுவது 0.2 செகண்ட். ஆனால் எழுதுவதற்கு ஆயுள் கணக்கு உண்டு. விலை குறைந்த 240 ஜிபி டிரைவ்களுக்கு 80 டிபி வரை எழுதலாம் என்று போட்டிருப்பார்கள். வாரம் 150 ஜிபியை நகர்த்தினால் வருடத்துக்கு 7.8 டிபி; பத்தில் ஒரு பங்கு ஆயுள் சும்மா போகிறது. ‘ஆப்டிமைஸ்’ பட்டனை எஸ்எஸ்டியில் அமுக்கினால் விண்டோஸ் டிரிம் கட்டளையை அனுப்பும். அழித்த இடங்கள் எவை என்று டிரைவுக்குச் சொல்வது அது, அவசியமான வேலை. சிஸ்டம் ரீஸ்டோர் போட்டிருந்தால் மாதம் ஒருமுறை போல விண்டோஸ் தானே எஸ்எஸ்டியிலும் கொஞ்சம் டிஃப்ராக் செய்யும். அதைப் பார்த்து ஷெட்யூலை அணைக்க வேண்டாம். எஸ்எஸ்டியை ஹார்டு டிஸ்க் என்று காட்டுகிறதா? அட்மின் கமாண்டில் ‘வின்சாட் ஃபார்மல்’ (ஆங்கிலத்தில் winsat formal) ஓட்டுங்கள், பல சமயம் திருந்திவிடும். பென் டிரைவ், மெமரி கார்டு இரண்டுக்கும் டிஃப்ராக் வேண்டவே வேண்டாம்.

தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டு ரெக்கவரி மென்பொருள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், முதல் வேலையாக ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ ஜன்னலில் ‘சேஞ்ச் செட்டிங்ஸ்’ போய் ஷெட்யூல் டிக்கை எடுங்கள். அழிந்த ஃபைல் இருந்த இடம் விண்டோஸுக்கு இப்போது காலி மனை. டிஃப்ராக் வேறொரு ஃபைலைக் கொண்டுவந்து அங்கே குடிவைத்துவிட்டால் திரும்ப எடுக்க வழியில்லை. மீட்டு முடித்து, வேறு டிரைவில் சேமித்தபின் டிக்கைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.