தேவியின் உரையை எழுதியவர்

ஜூன் 21
இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் டைசன் பிளேஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பின் சுவரில் 2013-இல் இதே நாளில் ஒரு நீல நினைவுப் பலகை பதித்தார்கள். டோரீன் வேலியன்டே, 1922–1999. 'கவிஞர்' என்பது முதலில். 'நவீன சூனியத்தின் தாய்' என்பது கடைசியில். சூனியம் என்றால் இங்கே விக்கா, தேவியை வணங்கும் ஒரு புதிய சமயம். வரிசை சரிதான்.

ஜூன் 22
பிரிட்டனில் சூனியச் சட்டம் 1735-இல் வந்தது. மந்திர சக்தி உண்டென்று சொல்லிக்கொள்வதே அதன்படி குற்றம். 1951-இல் அது நீங்கிய பிறகுதான் விக்காவைத் தொடங்கிவைத்த ஜெரால்ட் கார்ட்னர் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார். மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்தவர்! டோரீன் அவரைச் சந்தித்தது 1952-இல். தீட்சை பெற்றது மறு ஆண்டு நடுக்கோடையில்.

ஜூன் 24
இன்று முழுவதும் இதே நினைப்பு. கார்ட்னரின் சடங்கு நூல் கைக்கு வந்ததும், பண்டைய மரபு என்று அவர் காட்டிய பல வரிகள் ஆங்கிலேய மந்திரவாதி அலெய்ஸ்டர் குரோலியுடையவை என்று டோரீன் கண்டுகொண்டார். நல்ல வாசகரை ஏமாற்றுவது கடினம். குரோலிக்கு ஊரெல்லாம் கெட்ட பெயர். அவர் சாயல் இருக்கும்வரை யாரும் மதிக்கமாட்டார்கள் என்று டோரீன் கார்ட்னரிடம் நேராகவே சொல்லியிருக்கிறார். முடிந்தால் நீயே இதைவிட நன்றாக எழுது என்றாராம் கார்ட்னர். எழுதிவிட்டார்.

தேவியே பேசுவதாக அமைந்த உரையை முதலில் செய்யுளாகத்தான் எழுதினார். கூட்டத்தாருக்கு அது வாயில் நிற்கவில்லை. உரைநடையில் மறுபடி எழுதினார். நானாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன். பௌர்ணமியில் ஒன்றுகூடுங்கள் என்று சொல்லும் தொடக்கத்தை மட்டும், 1899-இல் அமெரிக்க நாட்டுப்புறவியலாளர் சார்லஸ் லேலண்ட் இத்தாலியிலிருந்து திரட்டி வெளியிட்டதிலிருந்து எடுத்துக்கொண்டார். எதை வெட்டுவது, எதை விடுவது என்ற தெளிவு மந்திரத்தைவிட அபூர்வமானது.

ஜூன் 25
1957-இல் டோரீனும் கார்ட்னரும் பிரிந்துவிட்டார்கள். கார்ட்னருக்குப் பத்திரிகை விளம்பரத்தில் ஆசை. கூட்டத்துக்கு விதிகள் வேண்டும் என்று டோரீனும் மற்றவர்களும் கேட்டபோது, பழைய சட்டங்கள் என்று ஒரு பட்டியலை நீட்டினார் கார்ட்னர். வயதான தலைவி இளையவளுக்கு இடம்விட வேண்டும் என்பதும் அதில் இருந்தது. டோரீன் அந்தப் பழமையை நம்பவில்லை. நானும் நம்பியிருக்கமாட்டேன்.

ஜூன் 28
அந்த உரை கைக்குக் கை நகலாகிப் பரவியது. எழுதியவர் பெயர் தெரியாமலே, தொன்மையான வேதம் என்று எண்ணி ஓதியவர்கள் பலர். அவருடைய கவிதைகளோ தொகுப்பாக வந்தது 2000-இல், அவர் மறைந்த பிறகு. தனிக் கவிதைகளில் சந்தம் சில இடங்களில் பொருளை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. சடங்குக்கென்று எழுதியவற்றையே எடுத்து வைத்திருக்கிறேன்; அவற்றை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.