ஐப்பசியில் ஒரு நாய் வகுப்பு

"இருக்கச் சொல்லிவிட்டுப் போனால், நீங்கள்தான் அதனிடம் திரும்பிப் போக வேண்டும். தூரத்தில் நின்று கூப்பிடாதீர்கள்."

பயிற்சி தருகிற பெண் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த நாயைப் பார்க்கப் போய்விட்டார். ஒக்டோபர் கடைசி வாரம். கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவுக்கு வடக்கே, வேலி அடைத்த ஒரு வயல். சுற்றிவர மேப்பிள் மரங்கள் சிவந்து நின்றன. கொக்கோ புல்லில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அடுத்த அடி வைக்கக் கால் எழும்பவில்லை.

கொக்கோவைக் காப்பகத்திலிருந்து எடுத்து வந்தோம். மகளின் ஆசை, இப்போது என் ஆசையும்தான். கோடை வெக்கையும் நுளம்பும் போய், பனி கொட்ட முன் கிடைக்கிற சில வாரங்களில்தான் இங்கே சனம் ஆசைதீர வெளியே நடக்கும். ரூஜ் பூங்காவில் சனி, ஞாயிறு என்றால் திருவிழாக் கூட்டம். ஆற்றில் சால்மன் மீன்கள் முட்டையிட எதிர்நீச்சல் போட்டு ஏறுவதைப் பார்க்கவே குடும்பம் குடும்பமாக வருவார்கள். நாய்க்கு இதெல்லாம் பெரிய சோதனை. அணில் ஓக் கொட்டையோடு குறுக்கே ஓடும். தலைக்கு மேலே வாத்துக் கூட்டம் கத்திக்கொண்டு தெற்கே போகும். சருகுக் குவியலுக்குள் நச்சுக் காளானும் இருக்கலாம், யாரோ தின்று எறிந்த கோழி எலும்பும் இருக்கலாம். வீட்டுக் கூடத்தில் சொன்னதெல்லாம் கேட்கிற நாய்க்கு இந்த இடத்தில் காதே கேட்காது. அதனால்தான் வகுப்பை வெளியில், இந்தக் காலத்தில் வைக்கிறார்கள். முதலில் வீட்டுக்குள், பிறகு முற்றத்தில், பிறகு வேலி அடைத்த வயலில், கடைசியாகப் பூங்காவில்.

யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். "என்ன மோனை, நாய்க்கும் ரியூசனோ? ரைகருக்கு உங்கட கொப்பர் ஒரு நாளும் ஒண்டும் படிப்பிக்கேல்லை. அது எல்லாம் தெரிஞ்சுதானே இருந்தது."

ஊரில் நாங்கள் வளர்த்த ரைகருக்குத் தெரிந்துதான் இருந்தது. தபால்காரருக்கு எவ்வளவு குரைக்க வேண்டும், தெரியாத ஆளுக்கு எவ்வளவு என்பது அதற்கு அத்துப்படி. அம்மா கோயிலுக்குப் போனால் ஒழுங்கை முடக்கில் வைரவர் சூலத்தடி மட்டும் கூடப்போய், அவர் வரும்வரை அங்கேயே படுத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா மாமரத்தடியில் அதை மடியோடு சாய்த்து உண்ணி பிடுங்கி, சிரட்டையில் ஊற்றிய மண்ணெண்ணெயில் போடுவார். இப்போது நானும் ஒவ்வொரு நடைக்குப் பிறகும் கொக்கோவின் காதுக்குப் பின்னும் கால்விரல் இடுக்கிலும் தடவித் தேடுகிறேன். இங்குள்ள கருங்கால் உண்ணி குளிருக்கு அடங்காது. வெப்பநிலை 4 பாகைக்கு மேலே இருந்தால் இலையுதிர் காலத்திலும் ஊரும், லைம் நோயைப் பரப்பும். மனிதருக்கும்தான்.

சாப்பாட்டு விஷயத்தில் அம்மாவோடு எனக்கு இன்னும் இழுபறி. ரைகர் மிஞ்சிய சோறும் மீன்குழம்பும் தின்று வளர்ந்தது. வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்றால் அம்மா நம்பமாட்டார். முந்திரிகை வற்றல், அதாவது உலர்ந்த திராட்சை, சிறுநீரகத்தைக் கெடுக்கும், சொக்லேட்டும் நஞ்சு. ஹலோவீனுக்கு அடுத்த நாள் காலை நடைபாதை முழுக்கச் சொக்லேட் சிந்திக் கிடக்கும். "விடு" என்றால் வாயில் எடுத்ததையும் போட வேண்டும் என்று அந்த வாரத்துக்குள் பழக்கிவிடுவது நல்லது.

"வா" பழக்குவதுதான் பெரிய ஆனந்தம். நகரப் பூங்காவில் 2 மீற்றருக்கு மேல் நீளமான கயிறு கூடாது என்பதால், வயலில்தான் 10 மீற்றர் கயிறு கட்டிப் பழக்குகிறோம். நாய் ஓடி விளையாடும்போது ஒரே ஒரு தரம், சந்தோஷமான குரலில் கூப்பிட வேண்டும். வந்த உடனே, ஒரு நொடி தாமதிக்காமல், சின்னத் துண்டுக் கோழி இறைச்சி. பிறகு மறுபடியும் ஓட விட்டுவிட வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குப் போக மட்டும் கூப்பிட்டால், கூப்பிட்டாலே விளையாட்டு முடிந்தது என்று நாய் கணக்குப் பண்ணிவிடும். காதுகள் பின்னால் மடங்க, சருகைச் சிதறடித்துக்கொண்டு கொக்கோ என்னை நோக்கி ஓடி வருவதைப் பார்த்தால், இந்த நாடு எனக்குப் பழகிவிட்டது, இனி எல்லாம் சரி என்று தோன்றும்.

"இரு" அப்படியில்லை. நேரம், தூரம், கவனத்தை இழுக்கிற சமாச்சாரம் மூன்றையும் ஒரே நாளில் கூட்டக்கூடாது. முதலில் சில நொடி, பிறகு ஓரடி தூரம், பிறகுதான் அணில். ஒவ்வொரு முறையும் நாம்தான் திரும்பிப் போய், அது இருந்த இடத்திலேயே பரிசு கொடுத்து, "சரி" என்று எழுப்ப வேண்டும். கூப்பிட்டு எழுப்பிப் பழகினால் அது எப்போதும் பாதி எழும்பியபடியே காத்திருக்கும். ஆள் திரும்பி வரும் என்று தெரிந்த நாய் அமைதியாக இருக்கும்.

1995 ஒக்டோபர் 30 இரவு, போரில் இராணுவம் நெருங்கி வர, யாழ்ப்பாண நகரைச் சுற்றிய வலிகாமம் முழுவதும் மழையில் வீதிக்கு இறங்கியது. எனக்குப் பத்து வயது. கோண்டாவிலில் இருந்து நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போக வேண்டும். அப்பாவின் சைக்கிளில் அரிசியும் உடுப்பும். அம்மா பெரிய சட்டியில் சோறு போட்டுத் தாழ்வாரத்தில் வைத்தார். ரைகர் படலைவரை வந்தது. அப்பா குனிந்து அதன் தலையில் கை வைத்து, "இரு ரைகர், வாறம்" என்றார். அது இருந்தது.

நாங்கள் திரும்பிப் போக அடுத்த வருடம் சித்திரை ஆகிவிட்டது. ஓடு இல்லை, கதவு இல்லை. சட்டி கவிழ்ந்து கிடந்தது. ரைகரையும் காணவில்லை. அப்பா ஒழுங்கை முழுக்கக் கூப்பிட்டபடி நடந்தார். பக்கத்து வீடுகளிலும் ஆட்கள் வெவ்வேறு பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

மனிதர்களையே தொலைத்த காலத்தில் நாயைப் பற்றி என்ன கதை என்று கேட்பவர்கள் எங்களுக்குள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. விட்டு வந்த ஆடு, மாடு, நாய்களும் அந்த இடப்பெயர்வின் கணக்கில் வரவேண்டியவைதான்.

அன்று வயலில் மகள் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டாள். அடுத்த கிழமையிலிருந்து நானே செய்கிறேன். இப்போது மரத்துக்குப் பின்னால் போய் மறைந்து நின்றாலும் கொக்கோ அசையாது. நான் மறைகிற நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டுகிறேன், ஒரு தரம்கூடத் திரும்பிப் போகத் தவறமாட்டேன். நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னால் தள்ளியதும் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அதனால் பயிற்சியைக் காலைக்கு மாற்றியிருக்கிறோம்.

அம்மாவுக்கு வீடியோ அனுப்பினேன். பார்த்துவிட்டு உடனே எடுத்தார். "வெள்ளிக்கிழமை வைரவருக்கு வடைமாலை சாத்திறன். நாய் அவற்ர வாகனமெல்லே, உதின்ர பேரிலயும் ஒரு அர்ச்சனை செய்யட்டே? நட்சத்திரம் என்ன?"

காப்பகத்தில் பிறந்த நாள் எழுதி வைத்திருக்கவில்லை. மகள் யோசித்து, கொக்கோ எங்கள் வீட்டுக்கு வந்த திகதியைச் சொன்னாள். அம்மா கண்ணாடியைப் போட்டுப் பஞ்சாங்கத்தைப் புரட்டி, சுவாதி என்றார். இந்த வெள்ளி ஐயர் அப்படியே சொல்லுவார்: கொக்கோ, சுவாதி நட்சத்திரம்.