கடிதத்தில் முடிந்ததும் இருளில் கரைந்ததும்

மாரிகால இரவுகளில் 'கேம் ஒஃப் த்ரோன்ஸ்' தொடரை மீண்டும் முழுமையாகப் பார்த்து முடித்தேன். 2011 முதல் 2019 வரை வெளிவந்த 73 அத்தியாயங்களில், ஐந்தாம் பருவத்தின் எட்டாவது அத்தியாயமான 'ஹார்ட்ஹோம்'தான் எனக்கு இன்றும் முதலிடம். தொடருக்கு மூலமான நாவலில் ஹார்ட்ஹோம் என்ற அந்த ஊரின் அவலம் நாயகர்களில் ஒருவனான ஜோன் ஸ்னோவுக்கு வரும் கடிதமொன்றின் சில வரிகளிலேயே முடிந்துவிட, தொடரோ அவனையே அங்கு அனுப்பிவைத்து, இறந்தோர் படையின் தலைவனான இரவு அரசன் கைகளை மெல்ல உயர்த்த இறந்தவர்கள் எழுந்து நிற்பதைப் படகிலிருந்து வாயடைத்துப் பார்க்கவைக்கிறது. மூலத்திலிருந்து விலகுவதே துரோகம் என்று வாதிடும் நண்பர்களுக்கு என் பதில் இந்தக் காட்சிதான்.

அதே இயக்குநர் மிகெல் சப்போச்னிக் எட்டாம் பருவத்தில் தந்த 82 நிமிட 'த லோங் நைட்' என்ற இரவுப் போர் அத்தியாயம், மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுப் பழைய தொலைக்காட்சியில் கறுப்புத் திரையாகவே ஓடியது. யன்னல்களைச் சாத்தி விளக்கை அணைத்தபோது, என் முகம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது! விடிய விடிய ஆடப்படும் நமது வடமோடிக் கூத்தில், ஆடுகளமான களரியின் வெளிச்சம் எவ்வளவு மங்கலாக இருந்தாலும், வருபவர் அரசனா அரக்கனா என்பதை வரவுப் பாட்டே சபையோருக்கு உணர்த்திவிடும். இங்கோ வாள் வீசுபவர் யார், வீழ்ந்தவர் யார் என்பதே பல இடங்களில் புலப்படவில்லை.

அரியணைக்காகப் போராடிய டெனேரிஸ் அந்த எட்டாம் பருவத்தில் நகரை எரித்ததில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆறே அத்தியாயங்களுக்குள் அவளை அவ்விடத்துக்கு விரட்டிச் சென்ற அவசரத்தைத்தான் ஏற்க முடியவில்லை.