தத்து இல்லைங்க, வளர்ப்பு

“தத்து எடுத்திருக்கீங்களா?” சந்தையில், பஸ்ஸில், சீர் வீடுகளில் இதைக் கேட்காத ஆள் இல்லை. தத்து இல்லைங்க, வளர்ப்புப் பராமரிப்பு என்பேன். சொந்த வீட்டில் இருக்க முடியாத பிள்ளையைக் கொஞ்ச காலம் நம் வீட்டில் வைத்து வளர்ப்பது. உடனே அடுத்த கேள்வி வரும்: “அப்படின்னா நாளைக்கு அந்தப் புள்ள போயிருமா?” போகலாம். அது தெரிந்துதான் கூட்டி வந்தோம். இந்த ஒரு விஷயத்தை மனசில் வாங்கிக்கொள்ளத்தான் எங்களுக்கு எட்டு மாதம் பிடித்தது. காகித வேலையெல்லாம் அதற்கு நடுவே நடந்ததுதான்.

கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் தோட்டம். மஞ்சள், நெல், கொஞ்சம் தென்னை, இரண்டு கறவை மாடு. வீட்டில் நான், வீட்டுக்காரர், மாமியார். ஒரே பையன் கோயமுத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். குழந்தையின் பெயர், ஊர் எதையும் எழுத மாட்டேன், படமும் போட மாட்டேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015-ன் 74-வது பிரிவு அதைத் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும் எழுத மாட்டேன், அவள் கதை அவளுடையது. எங்கள் பக்கம் பெண் குழந்தைகள் எல்லோருமே அம்மிணிதான். இங்கேயும் அம்மிணி என்றே எழுதுகிறேன்.

2024 ஆடியில் பேப்பரில் கலெக்டர் பெயரில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. குழந்தைகள் இல்லங்களில் இருக்கும் 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்க விரும்பும் குடும்பங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு வரலாம் என்று. வீட்டுக்காரர் அதைக் கத்தரித்துக் காலண்டர் ஆணியில் மாட்டினார். பத்து நாள் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வாய்க்காலில் தண்ணி வந்த வாரம், மடை திருப்பிவிட்டு வந்து உட்கார்ந்தவர், “போய்க் கேட்டுத்தான் பார்ப்பமே” என்றார்.

அலுவலகத்தில் விவரம் சொன்னார்கள். புருஷன் பொண்டாட்டி இரண்டு பேர் வயதும் சேர்ந்து 70-க்குக் குறையக் கூடாது, இருவருக்கும் சம்மதம் வேண்டும், குடும்பத்தில் எல்லோருக்கும் உடல் பரிசோதனை, போலீஸ் விசாரணை, அப்புறம் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். அவர்களோடு சேர்ந்து வேலை செய்கிற ஒரு தொண்டு நிறுவனத்தின் பணியாளரை எங்களுக்கு அறிமுகம் செய்தார்கள். முப்பது வயசு இருக்கும், ஸ்கூட்டியில் வருவார். இந்தப் பெண் இல்லாமல் நாங்கள் பாதி வழியில் திரும்பியிருப்போம்.

முதல் நாளே அவர் கேட்டது இதுதான்: “அந்தக் குழந்தை திரும்பி அவங்க அம்மாகிட்டப் போற நாள்ல நீங்க என்ன செய்வீங்க?” எங்களுக்குப் பதில் வரவில்லை. மாமியாருக்குத்தான் கோபம் வந்தது. “வாரத்துக்கு மாடு வளத்துற மாதிரிங்களா இது? வளத்தி ஆளாக்கி, ஓட்டிட்டுப் போன்னு விடுறதுக்கு?” என்றார். வாரம் என்றால் அடுத்தவர் மாட்டைப் பங்குக்கு வளர்த்துத் தருவது. அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை. “அம்மா, நீங்க கேக்கறது சரிதானுங்க. யோசிச்சு வெய்ங்க, இன்னொரு நாள் பேசலாம்” என்று காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

சான்றிதழ் விஷயத்தில் எங்களை இழுத்தடித்தது கல்யாணப் பதிவு. 2004-ல் அருமைக்காரர், அதாவது எங்கள் பக்கம் கல்யாணச் சடங்கு செய்கிற பெரியவர், நடத்தி வைத்த கல்யாணம். தமிழ்நாட்டில் பதிவைக் கட்டாயமாக்கிய சட்டம் 2009-ல்தான் வந்தது, அதனால் நாங்கள் பதிவு செய்யவே இல்லை. பரணில் இருந்து பத்திரிகையைத் தேடி எடுத்து, முகூர்த்தப் போட்டோவோடு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அலைந்தோம். உங்களுக்கும் இந்த நிலை என்றால் முதலில் இதைத் தொடங்குங்கள். வருமானச் சான்று இ-சேவையில் சுலபமாகக் கிடைத்தது. உடல் பரிசோதனையில் எச்ஐவி, காசநோய், ஹெபடைடிஸ் பி மூன்றும் பார்க்க வேண்டும், மாமியாருக்கும் சேர்த்து. பரிசோதனை நிலையத்தில் இருந்த பையன் பட்டியலை ஊருக்கே கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தான். எழுபது வயசுப் பெரியவர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. இதையும் சொல்லிவிடுகிறேன்: வீட்டுப் பெரியவர்களிடம் எதற்காக இந்தச் சோதனை என்று முன்கூட்டியே எடுத்துச் சொல்லிக் கூட்டிப் போங்கள். நான் சொல்லாதது என் தப்பு.

ஐப்பசியில் வீட்டைப் பார்க்க வந்தார்கள். ஹோம் ஸ்டடி என்கிறார்கள். நான் சுண்ணாம்பு அடித்து, சமையலறையைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தேன். அவர்கள் நேராகத் தோட்டத்துக்குப் போனார்கள். எங்கள் கிணற்றுக்கு ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர் இடிந்து வருஷக்கணக்காகிறது. நாங்கள் கண்ணை மூடிக்கொண்டே நடப்போம், அதனால் அது கண்ணில் படவே இல்லை. அந்தப் பெண் அங்கே நின்று கீழே பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். மாட்டுச்சாளையில் ஆள் உயரத்துக்குக் கீழே ஒரு பலகை, அதில் பூச்சி மருந்து டப்பாக்கள், பக்கத்திலேயே பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைத்த மிச்ச மருந்து. “ஒம்பது வயசுப் புள்ளைக்கு இது ஜூஸ்தானுங்க அக்கா” என்றார். எனக்குக் கை கால் நடுங்கிவிட்டது. என் பையனும் அந்தச் சாளையில் விளையாடித்தானே வளர்ந்தான். அந்த வாரமே கிணற்றைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, மருந்துக்கு இரும்புப் பெட்டி வாங்கிப் பூட்டினோம்.

அன்றைக்கு வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசினார்கள். பையனிடம் போனில். மாமியாரிடம் திண்ணையில் ஒரு மணி நேரம். என்ன பேசினார்கள் என்று எனக்கு ராத்திரிதான் தெரிந்தது. மாமியாருக்கு அஞ்சு வயசில் அம்மா தவறிவிட்டார். பதினாலு வயசு வரைக்கும் அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வீட்டில் வளர்ந்து, அப்புறம் அப்பா வந்து கூட்டிப்போனார். இதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் அமுச்சி அன்றைக்கு என்ன செய்தார் என்று இத்தனை வருஷத்தில் நான் கேட்டதில்லை. “வண்டி போறவரைக்கும் நின்னுட்டு, போயி எருமைக்குத் தண்ணி காட்டுச்சாமா. ஒரு வாரம் சோறு உங்கலையாமா. ஆனா என்னை ஒரு வார்த்தை ‘போகாதே’ன்னு சொல்லலை கண்ணு” என்றார். அதற்குப் பிறகு வாரத்து மாட்டுப் பேச்சு எங்கள் வீட்டில் வரவில்லை.

ஊர்ப் பேச்சு வேறு. அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள் என்பதால் செய்தி சீக்கிரம் பரவிவிட்டது. “என்ன சாதின்னு கேட்டீங்களா? எந்தக் கூட்டமோ என்னமோ, பண்டிகைக்கு எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க?” என்று சொந்தத்திலேயே கேட்டார்கள். கூட்டம் என்றால் எங்கள் பக்கம் குலம். கேட்பதில்லை என்று நானும் வீட்டுக்காரரும் முதல் நாளே முடிவு செய்திருந்தோம். ஒரு பங்காளி வீட்டில் இன்றைக்கும் எங்களோடு பேச்சு இல்லை. அது சரியாகிவிடும் என்று நான் பொய் சொல்ல மாட்டேன்.

பயிற்சிக்கு இரண்டு சனிக்கிழமை போனோம். அங்கே வந்திருந்த ஒரு டீச்சர், கணவரை இழந்தவர், தனியாகவே விண்ணப்பித்திருந்தார். 2024-ல் மாற்றிய வழிகாட்டு நெறிமுறைகளின்படி 35 முதல் 60 வயது வரை தனியாக இருப்பவர்களும் வளர்க்கலாம். பெண்ணாக இருந்தால் ஆண், பெண் எந்தக் குழந்தையையும், ஆணாக இருந்தால் பையன்களை மட்டும். இரண்டு வருஷம் வளர்த்த பிறகு, சட்டப்படி தத்துக்கு உரிய குழந்தை என்றால், தத்து கேட்கவும் வழி உண்டு. முன்பு அது ஐந்து வருஷம். “அதை மனசில் வெச்சுக்கிட்டு வராதீங்க” என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். மிஷன் வாத்சல்யா என்கிற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4000 ரூபாய் உண்டு. எங்களுக்கு வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். “அது உங்களுக்குக் குடுக்கற கூலி இல்லீங்க, குழந்தைக்கு உண்டானது. நீங்க எப்படி வேண்டாம்னு சொல்லலாம்?” என்று கேட்டார்கள். நியாயம்தான்.

மாசியில் ஒப்புதல் வந்தது. அப்புறம்தான் அம்மிணியைப் பார்த்தோம். இல்லத்துக்கு மூன்று தடவை போனோம், ஒரு சனி ஞாயிறு வீட்டுக்கு வந்து போனாள். பிறகு, குழந்தையை யாரிடம் விடுவது என்று முடிவு செய்கிற குழந்தைகள் நலக்குழு முன்னால் உட்கார்ந்தோம். எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் தனியாகப் பேசினார்கள். இருபது நிமிஷம். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான இருபது நிமிஷம் எனக்கு இருந்ததில்லை. உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டோம், ஒரு வருஷத்துக்கு ஆணை தந்தார்கள். மாதாமாதம் வந்து பார்ப்பார்கள். அந்த ஆணையைப் பத்து நகல் எடுத்து வையுங்கள். பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், பேங்கில் எல்லா இடத்திலும் “அப்பா பேர் என்ன, இனிஷியல் என்ன” என்று குழந்தையை வைத்துக்கொண்டே கேட்பார்கள். நகலை நீட்டினால் அந்தப் பேச்சு அங்கேயே நிற்கும்.

சித்திரையில், கோடை லீவில், ஒரு பையோடு வந்தாள். இரண்டு கவுன், ஒரு பாவாடை சட்டை, எவர்சில்வர் தட்டு, டம்ளர். தட்டின் விளிம்பில் ஆணியால் கீறிய 27. இல்லத்தில் அவள் எண். சாப்பிட்டதும் தானே கழுவி, துணியில் துடைத்து, தன் பைக்குள் வைத்துக்கொள்வாள். மற்ற பாத்திரங்களோடு வை என்று சொல்ல நான் வாயெடுத்தபோது பணியாளர் தடுத்தார். “அவளோடதுன்னு இருக்கறது அது ஒண்ணுதானுங்க. அவளா வெக்கட்டும்.” தண்ணி குடிக்கவும் “குடிக்கட்டுங்களா?” என்று கேட்பாள். காலையில் அஞ்சு மணிக்கு யாரும் எழுப்பாமல் எழுந்து, போர்வையை நாலு முனையும் சேர மடித்து வைத்துவிட்டுச் சுவரோரம் நிற்பாள். எனக்கு அதைப் பார்க்கத் தாங்காது.

என்னை என்ன கூப்பிடுவது என்று நாங்கள் சொல்லித்தரவில்லை. அம்மா என்று கூப்பிடச் சொல்லாதீர்கள் என்பது பயிற்சியில் சொன்னது. மூன்று வாரம் “ஏனுங்க” என்றே ஓட்டினாள். ஒரு நாள் கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியபோது “பெரிம்மா! பெரிம்மா!” என்று கத்திக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து நான் பெரிம்மா. மாமியார் ஆத்தா. இரண்டு பேரும் ஒட்டுக்காவே திரிகிறார்கள். இரவில் சில நாள் அவள் அழுகிறாள், ஏன் என்று சொல்வதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். பணியாளருக்கு ராத்திரி பத்து மணிக்குக்கூடப் போன் போட்டிருக்கிறேன், எடுக்காமல் விட்டதில்லை.

அவள் அம்மா இருக்கிறார். உடம்பு முடியாதவர், வைத்தியத்தில் இருக்கிறார். ஐப்பசியில், தேறி வருகிறார், மகளைப் பார்க்க விரும்புகிறார் என்று நலக்குழு சொன்னது. தொண்டு நிறுவன அலுவலகத்தில் சந்திக்க ஏற்பாடு செய்தார்கள். முதல் நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை. காலையில் அரிசிம்பருப்பு ஆக்கி, நெய் விட்டு, தூக்குப்போசியில் போட்டுக்கொண்டேன். அம்மிணி தன் பையை எடுத்து வந்தாள். அதற்குள் அந்த 27 தட்டு இருந்தது. அது அப்போது எங்கள் பாத்திரக் கூடைக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எப்போது எடுத்து வைத்தாள் என்று தெரியவில்லை.

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார், நான் தோளைத் தொட்டு உட்கார வைத்தேன். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. அம்மிணி தட்டை எடுத்து மேஜையில் வைத்து, “பெரிம்மா, அம்மாளுக்குப் போடுங்க” என்றாள்.